சிறு கலமும் சிறு வீரரும்



சங்கச் செயலாளர் எனக்கு இருபது நிமிடம் அளித்திருக்கிறார். 'பொம்மை செய்தல் என்னும் பொழுதுபோக்கு' என்ற தலைப்பையும் அவரே அளித்தார். பொழுது போகிறது என்பது மெய்யே. மூன்று விரற்கடை உயரமுள்ள ஒரு வீரனுக்கு இடைக்கச்சை தீட்டி முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடுகிறது. எனினும் வெறும் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஏன் என்பதை இன்று சொல்ல முயல்கிறேன்.

வீரரையும் கலங்களையும் சிற்றுருவாக்கி வண்ணம் தீட்டி வரிசையாக நிறுத்தும் ஆசை மிகப் பழையது. எகிப்து நாட்டில் அசியூத் என்னும் ஊரில், மெசேதி என்ற தலைவனுடைய கல்லறையிலிருந்து 40 ஈட்டி வீரரும் 40 வில்வீரரும் மரச் சிற்றுருவங்களாகக் கிடைத்தனர். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய வண்ணத்தோடு அவர்களை இன்றும் கெய்ரோ அருங்காட்சியகத்தில் காணலாம். தீப்சு நகரில் மெகெத்ரே என்பவருடைய கல்லறையை 1920இல் திறந்தபோது ஒரு சிறு கப்பற் கூட்டமே வெளிவந்தது. அதில் சமையலுக்கென்று தனிப்படகும் உண்டு! இறந்தவனும் பசியோடு பயணம் போகலாகாது என்று எண்ணினார்கள் போலும். பிற்காலத்தில் செருமனியின் நூரம்பெர்க் நகரத்தார் வெள்ளீயத்தில் தட்டை வீரர்களை வார்த்தனர். இலண்டனில் பிரிட்டன் குடும்பத்து நிறுவனம் 1893இல் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அவ்வீரரின் உயரமாகிய 54 மில்லிமீட்டர் இன்றளவும் ஒரு வழக்கமான அளவாக நிற்கிறது. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், இந்தச் சிறு வீரரைக் கொண்டு ஆடும் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்து 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலே எழுதினார்.

நமக்கு இது புதிதன்று. நம் வீடுகளில் கொலு இருக்கிறது. பண்ணுருட்டிப் பொம்மையும் காஞ்சிபுரத்துப் பொம்மையும் மதுரைக்கு அருகில் விளாச்சேரியில் செய்த பொம்மையும் இரயிலில் மடிமீது அமர்ந்து இந்தக் கொச்சிக்கு வந்து சேர்ந்தவை. மரப்பாச்சி இரண்டும் பாட்டியாருடைய சீதனம். செட்டியாரும் செட்டியாரம்மாவும் ஆண்டுதோறும் அதே அரிசி பருப்போடு அதே கடையைத் திறந்து உட்காருகிறார்கள். படியின் ஓரத்தில் பாண்டு வாத்தியச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் இப்பொழுது அந்தப் பெட்டி இறங்குவதில்லை. அடுக்குமாடி வீட்டில் ஒன்பது படிக்கு இடமில்லை என்கிறோம். கை ஒடிந்த பொம்மையைக் காயலோரத்தில் விட்டுவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு. யாரென்று நான் சொல்லவில்லை. பின்வரிசையில் சிலர் தலை குனிவது தெரிகிறது.

இனி என் பொருளுக்கு வருகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் என் பேரன் ஒரு பெட்டி நிறைய ரோமப் படைவீரரை வாங்கி வந்தான். பிளாஸ்டிக்கில் வார்த்தவர்கள். கேடயத்திற்கு எந்தச் சிவப்பு, தலைக்கவசத்திற்கு எந்தப் பித்தளை நிறம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அவன் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர்கள் முசிறிக்கு வந்தால் இவர்களை எதிரே நின்று பார்க்கும் நம் ஆள் எங்கே?" என்று கேட்டாள். சேரன் வீரனை எந்தக் கடையில் கேட்பது? பெட்டியும் இல்லை, அட்டையும் இல்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான் என்று மூவரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் அது எத்தகைய வேலை என்பது விளங்கிற்று.

நாம் வாழும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறையைத் தூர்த்து, கொச்சி அழிமுகத்தைத் திறந்து, இந்த வைப்பின் தீவைக் கடல் வைத்துப் போன மண்ணாக விட்டது என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. புதுவைப்பு என்று ஓர் ஆண்டுக்கணக்கே அதிலிருந்து தொடங்கி வழங்கியது. தீவின் வடகோடியான முனம்பத்தில் நின்றால் எதிர்க்கரை கொடுங்கல்லூர்ப் பக்கம். செறாயிலிருந்து வடக்குப் பறவூர் வழியாகச் சிறிது தொலைவு சென்றால் பட்டணம் என்னும் சிற்றூர். முசிறி இங்கேதான் இருந்திருக்கக்கூடும் என்று பல அறிஞர் கருதும் அவ்வூரில், கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் 2007 முதல் அகழ்ந்தனர். மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்தன. அவற்றோடு, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியும் படகு கட்டும் தேக்குக் கட்டைகளும் சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்தன. தோணி அயினி மரத்தில் குடைந்தது. இங்கே ஆஞ்ஞிலி என்கிறார்களே, அதே மரம்.

யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போன காட்சி அகநானூற்றில் வருகிறது. வியன்னா நகரில் காக்கப்பட்டு 1985இல் அச்சேறிய ஒரு பாப்பிரசு ஏடு, முசிறி வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தைக் கூறுகிறது. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டின் ஏடு. அதன் மறுபக்கத்தில் 'ஹெர்மாப்போலோன்' என்னும் கப்பலின் பெயரும் அது சுமந்த தந்தமும் நறுமணப் பொருளும் அவற்றின் மதிப்பும் எழுதியிருக்கின்றன. அந்தக் கப்பலின் பெயர் நமக்குத் தெரியும், சரக்கும் தெரியும், சுங்கக் கணக்குக்கூடத் தெரியும். பாய்மரம் எத்தனை என்பது அந்த ஏட்டில் இல்லை.

நம் நிலைமை இன்னும் விசித்திரமானது. நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி, திமில், பஃறி, ஓடம், புணை என்று பழந்தமிழில் நீர்மேல் மிதப்பவற்றுக்கு எத்தனை பெயர்! பெயர்கள் நிறைய இருக்கின்றன, உடல்கள் கிடைக்கவில்லை. புலவன் நாவாய் என்று ஒரு சொல் சொல்லி அடுத்த அடிக்குப் போய்விடலாம். மேடைப் பேச்சாளன் 'கடலை ஆண்ட தமிழன்' என்று சொல்லிக் கைத்தட்டலும் பெறலாம். பொம்மை செய்கிறவன் அப்படித் தப்ப முடியாது. முன்பக்கம் கூரா மழுங்கலா, பலகைகள் ஆணியடித்தவையா கயிற்றால் தைத்தவையா, சுக்கான் ஒன்றா இரண்டா, பாய் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்த பிறகே உளியை எடுக்க வேண்டும். தெரியாததைச் சொல்லால் மூடலாம். மரத்தால் மூட முடியாது. பத்து ஆண்டு வாசித்ததைவிட ஒரு கலம் செய்தபோது எனக்கு அதிகம் விளங்கியது என்பேன்.

கிடைக்கும் சான்றுகள் சில உண்டு, சிறுவர்கள் குறித்துக்கொள்ளலாம். சாதவாகனர் ஈயக் காசில் இரட்டைப் பாய்மரக் கலம் இருக்கிறது. பல்லவர் காசிலும் அத்தகைய கலம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கிடைத்த பானையோடு ஒன்றில் யாரோ ஒருவன் ஒரு கப்பலைக் கீறி வைத்தான். மூன்று பாய்மரங்களுடைய மேலைநாட்டுப் பெருங்கலம் அது என்று கப்பல் வரலாற்றறிஞர் லயனல் காசன் கருதினார். அசந்தாவில் 2ஆம் குகையின் ஓவியக் கலத்திற்கு மூன்று உயர்ந்த பாய்களும் பின்புறம் துடுப்புச் சுக்கானும் தளத்தில் சாடிகளும் உள்ளன. முகப்பில் கண் எழுதியிருக்கிறது. இனி நம் பக்கத்திலேயே, சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளியில், தரைக்குள் புதைந்துகிடந்த இரு பாய்மரக் கலம் ஒன்றை 2002ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்தார்கள். அது ஐரோப்பியர் வருகைக்கு முந்தையது. ஆனால் முசிறிக் காலத்திற்கு மிகவும் பிந்தியது. நூற்றாண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கலம் கட்டலாகாது.

சான்று இவ்வளவே இருந்தும் மெய்யான கப்பலே கட்டியவர்கள் உண்டு. தேங்காய் நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த 'சுவல் ஆஃப் மஸ்கட்' என்னும் கலம் 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் வழியில் இந்தக் கொச்சியில் தங்கிப் போயிற்று. நம் நாட்டுக் கடற்படையும் அசந்தா ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு தைத்த கப்பலைக் கட்டுவித்தது. கேரளத்துத் தச்சர் பாபு சங்கரனும் அவர் குழுவினரும் அதைத் தைத்தார்கள். 'கௌண்டின்யா' என்ற பெயரோடு 2025 மே 21ஆம் நாள் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்தது. ஓவியத்திலிருந்து கப்பலுக்கு நேரே போக இயலாது. ஆதலால் முதலில் ஒரு சிறு மாதிரி செய்து சென்னை ஐ.ஐ.டி.யில் நீரோட்டச் சோதனை நடத்தினார்கள். பெரிய கப்பலுக்கும் முதற்படி ஒரு பொம்மைதான் என்று என் பேரன் துள்ளிக் குதித்தான்.

இனி வீரனைப் பற்றி. இங்கே நமக்கு ஒரு செல்வம் இருக்கிறது. ரோம வீரரைத் தீட்டுவோர்க்கு அது இல்லை. அவர்கள் ஒரு படையை மற்றொரு படையினின்று கேடயத்தின் நிறத்தால் பிரித்துக் காட்டுவர். நம் வீரன் எந்த வேலையாகப் போகிறான் என்பதை அவன் தலையில் உள்ள பூவே சொல்லிவிடும். ஆநிரை கவரப் போகிறவனுக்குச் சிவந்த வெட்சி. எதிர்நின்று பொருகிறவனுக்கு வெண்ணிறத் தும்பை. வென்று வருகிறவனுக்கு வாகை. இதற்கு மேல், எந்த வேந்தனுடைய ஆள் என்பதற்குத் தொல்காப்பியம் கூறும் அடையாளப் பூ வேறு: சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஒரு கடுகளவு வெள்ளை வண்ணத்தைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் அவன் தும்பை சூடியவனாகிவிடுகிறான். இதைவிட நுட்பமான சீருடை எந்த நாட்டில் இருந்தது?

உடம்பில் என்ன போடுவது? இக்காலத்துப் படங்களில் சோழ வீரனுக்கும் சேர வீரனுக்கும் மார்பு நிறைய இரும்புத் தகடும் முழங்கால்வரை சப்பாத்தும் அணிவித்துவிடுகிறார்கள். நான் செங்கத்து நடுகற்களைப் பார்க்கச் சொல்வேன். அவை பல்லவர் காலத்தவை. சங்க காலத்திற்குப் பிந்தியவை. ஆயினும் கொண்டையும் குறுகிய அரையாடையும் வில்லும் கத்தியும் தாங்கி நிற்கும் அந்த வீரர், படக்காரர் காட்டும் உருவத்தைவிட நமக்கு நெருங்கியவர்கள். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் 8ஆம் நூற்றாண்டுச் சிற்ப வரிசையில் போர்க் காட்சிகளும் உண்டு. முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனரைக் குறிக்கும்போது அவர் சட்டை அணிந்திருந்ததை எடுத்துச் சொல்கிறது. புலவர்க்கு அது புதுமையாகப் பட்டமையால்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். ஆதலின் எங்கள் முசிறிக் கரையில் யவனனுக்குச் சட்டை உண்டு, நம் ஆளுக்கு இல்லை. அவன் காலில் கழல், கையில் தோற்கேடயம்.

அளவுக் கணக்கு எளிது. 54 மில்லிமீட்டர் வீரன் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பட்டணத்துத் தோணி 19 சென்டிமீட்டர்; ஒரு புத்தகத்தின்மேல் அடங்கிவிடும். 30 மீட்டர் நீளக் கலம் ஒன்றைச் செய்தாலோ ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்து முழுப் படியையும் அடைத்துக்கொள்ளும். பெரிய கலம் செய்வோர் 72இல் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது நலம். அங்கே மனிதன் 24 மில்லிமீட்டர்தான். முகத்தில் மூக்குத் தீட்ட வேண்டிய தொல்லை இல்லை; என் வயதுக் கண்களுக்கு அது ஒரு சலுகை.

வண்ணத்திற்குக் கடையைத் தேடவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடை வண்ணம் நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் எந்த நிறம் என்பதை அறிய மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் சென்று வாருங்கள். போர்த்துக்கீசியர் 1555ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், ஒல்லாந்தர் பின்னர்த் திருத்தியதால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றதும் ஆகிய அந்த மாளிகையின் இராமாயணச் சுவரோவியங்களைக் காண உங்கள் பிள்ளைகளை எத்தனை முறை அழைத்துப் போனீர்கள்? காவிச் சிவப்பு, காவி மஞ்சள், அவுரி கலந்த பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரிக் கறுப்பு. இந்த ஐந்தைக் கொண்டே ஒரு போர்க்களத்தை முழுதும் நிறைத்திருக்கிறார்கள். எங்கள் பொம்மைகளுக்கும் இந்த ஐந்தே போதும் என்று வைத்துக்கொண்டோம். முதலில் உடல், பிறகு ஆடை, பிறகு படைக்கலம், கடைசியில் கண். சிற்பிகளுக்குக் கண் திறத்தல் இறுதிச் சடங்கு அல்லவா? கலத்தின் முகப்புக் கண்ணையும் நாங்கள் கடைசியாகவே எழுதினோம்.

கலத்தைத் தைக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். வைப்பினில் பிறந்து வள்ளம் தைத்தே கைகாய்த்துப்போன ஆசாரி. குழந்தைகள் அவரை ஆசாரி மாமா என்கிறார்கள். பலகையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளித் துளையிட்டால் மரம் பிளவாது, இணைப்பின்மேல் நாரை எப்படி அடைத்துக் கயிற்றை இழுப்பது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் காணாதவை. அவர் விரல் சொல்லிற்று. கட்டி முடித்ததும் வழக்கம்போல் முந்திரித் தோட்டெண்ணெய் பூசிக் கறுப்பாக்கலாம் என்றார். என் பேத்தி இடைமறித்து, "மாமா, முந்திரி மரம் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததாமே, முசிறிக் கலத்துக்கு அது எங்கிருந்து கிடைத்திருக்கும்?" என்றாள். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "மோள் சொல்வது சரி. அப்படியானால் பூசாமலே விட்டுவிடு" என்றார். சேரன் தமிழர்க்கு உரியவனா மலையாளிகட்கு உரியவனா என்று சில மேடைகளில் வழக்காடுகிறார்களே, அந்த வழக்கு எங்கள் திண்ணையில் எழவே இல்லை.

'பூசாமலே விட்டுவிடு' என்ற அந்தச் சொல் எங்களுக்கு ஒரு விதியாகிவிட்டது. சான்று உள்ள பகுதிக்கே வண்ணம். ஊகித்த பகுதியை வெறும் மரமாகவும் சுட்ட மண்ணாகவும் விட்டுவிடுவது. ஆகவே, எங்கள் கலத்தில் கயிற்றுத் தையல் முழுமையாக இருக்கும். சாடிகளுக்கு நிறம் இருக்கும். முகப்பில் கண் இருக்கும். தளத்தின்மேல் உள்ள அறையும் பாயின் மேல்விளிம்பும் வெறுமையாக இருக்கும். வீரனுக்குப் பூவும் கழலும் வண்ணம் பெறும். அரையாடையின் கரை மட்டும் நிறமின்றி நிற்கும்.

சென்ற நவராத்திரியில் அதைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், "வேலை இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டார்கள். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அன்போடு கடிந்துகொண்டார். இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் செலுத்திய கப்பற்படையை, சிங்கமுகப்போடும் புலிக்கொடியோடும் படி நிறைய வைத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பெருமிதம் பிறக்குமே, அரைகுறைத் தோணியைப் பார்த்து என்ன பிறக்கும் என்றார். அவர் கேள்வி தள்ளத்தக்கதன்று. வேறு மொழி நாட்டில் வளரும் பிள்ளைக்குப் பெருமிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டு மொழி சமையலறையோடு நின்றுவிடும். ஆனால் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு, கலங்கள் பலவற்றைச் செலுத்தியதைச் சொல்கிறதேயன்றிக் கலத்தின் அளவைச் சொல்லவில்லை. நமக்கு வரும் சோழர் கப்பல் படங்களில் சிலவற்றை உற்றுப் பாருங்கள்; பக்கவாட்டில் பீரங்கித் துளைகூட இருக்கும்! பதினைந்து வயதில் பள்ளித் தோழன் ஒருவன் அந்தத் துளையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தால், அன்றோடு பிள்ளையின் மனத்தில் கப்பல் மட்டுமா கவிழும்? வீட்டில் சொன்ன மற்றவையும் சேர்ந்தே கவிழும். நிறமில்லாத பகுதியைக் கண்டு, "இங்கே ஏன் தீட்டவில்லை?" என்று ஒரு குழந்தை கேட்கும்போது எனக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது: பட்டணத்தில் இன்னும் தோண்டாத மண் இருக்கிறது, அழகன்குளத்தில் இன்னும் ஓடுகள் இருக்கின்றன, நீ பெரியவனாகி இதற்கு நிறம் கண்டுபிடித்து வா என்பேன். அந்தப் பெரியவர் முற்றும் இசைந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் தம் பெயர்த்தியை எங்களிடம் அனுப்புகிறார்.

வரும் நவராத்திரிக்குச் சங்கத்தின் கொலுவில் ஒரு படியை இதற்கு ஒதுக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் மாடியறை திறந்திருக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம். பெற்றோரும் வரலாம், ஆனால் பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கலாகாது. ஆறு வீரர், மூன்று யவனர், மிளகு மூட்டை சுமப்போர் பதின்மர், உப்பங்கழித் தோணிகள் நான்கு, கலம் ஒன்று என்பது எங்கள் திட்டம். கை ஒடிந்த பழைய கொலுப் பொம்மைகளை எறியாமல் கொண்டுவாருங்கள். காகிதக்கூழ் வைத்து ஒட்டும் முறையையும் அங்கே காட்டுகிறோம். களிமண்ணும் நாரும் என் பொறுப்பு. தும்பைப் பூவைக் கண்டிராத பிள்ளைகள் நாளைக் காலையில் படகுத்துறைக்குப் போகும் வழியில் வேலியோரத்தைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு வரவேண்டும். எத்தனை சிறிய பூ என்று தெரிந்தால்தான் தூரிகையில் எவ்வளவு வெள்ளை எடுப்பது என்பது தெரியும்.